இரண்டாம் ஜன்னல்

மழையா ஸ்னோவா என்று முடிவெடுக்காத
மாசி ஞாயிறு. ஹமில்டன்.
பார்ட்டன் தெரு பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
நூதனசாலைக் கதவில் 'இன்று இலவசம்' என்றிருந்தது.
ஓவியத்துக்காகப் போகவில்லை,
ஹீட்டருக்காகப் போனேன்.

கோட்டைக் கழற்றித் தரச் சொன்னார்கள்.
உள்ளே வேலைச் சட்டை,
நெஞ்சில் பெயர்ப்பட்டை: 'கலை'.
அரசியை மேனேஜர் வெட்டிவிட்டார், இடம் காணாதென்று.
கோட் என்னோடே இருக்கட்டும் என்றேன்.

கீழ்த்தளத்தில் உயர்பள்ளிப் பிள்ளைகளின் கண்காட்சி.
சுவர் நிறையக் கண்கள்.
பதினாறு வயதில் எல்லோரும் கண்தான் வரைவார்கள் போல:
அழுகிற கண், எரிகிற கண்,
கடலை அடைத்து வைத்த கண்.
ஒருவன் தகப்பனின் உருக்காலைத் தொப்பியில்
தக்காளி நட்டிருந்தான்.
'தொடாதீர்கள்' அட்டைக்குப் பக்கத்தில்
ஒரு காம்பில் பழம் இல்லை.
ஒருத்தி பலகை முழுக்கக் கறுப்படித்து
'அம்மாவுக்கு இது பிடிக்காது' என்று பெயர் வைத்திருந்தாள்.
எனக்குப் பிடித்தது.

பிறகு, தீயணைப்பானுக்கும்
கழிப்பறை அம்புக்குறிக்கும் நடுவில்
ஒரு கை.

ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை.
காகிதக் கப், மேலே ஆவி,
பின்னால் இன்னும் விடியாத கறுப்பு.
மணிக்கட்டில் பிறை போல ஒரு தழும்பு.

கோட்டுக் கையை மேலே இழுத்தேன்.
பிறை.
பேகல் தட்டு கடித்த இடம்.
விபத்துப் படிவத்தில்
'சிறியது' என்று நானே எழுதியது.

அட்டை சொன்னது:
நோரா பெட்ரோவிச், பதினோராம் வகுப்பு, அக்ரிலிக்.
'6:40. பள்ளிக்குப் போகும் வழி.
முகம் வரையவில்லை,
அப்பாவின் தோள் மறைக்கும்.'

6:40 என்றால் சாம்பல் நிறப் பிக்கப்.
ஒரு கறுப்புக் கோப்பி, ஒரு சூடான சாக்லேட்,
ஹெட்செட்டில் கரகரத்த 'தேங்க்யூ'.
சாக்லேட் யாருக்கென்று
ஒருநாளும் யோசித்ததில்லை.
அதே தோள் எனக்கும் மறைத்திருக்கிறது.

கிட்டப் போனேன்.
என் நிறத்துக்கு எத்தனை குழாய் பிதுக்கினாளோ!
கபிலம், கொஞ்சம் செங்கல்,
விரல் மூட்டில் ஊதா,
அங்கங்கே பச்சை.
பச்சையா?
கையைத் திருப்பிப் பார்த்தேன். நரம்பு.
சரிதான் பிள்ளை.

ஆனால் பிடி பிழை.
உள்ளங்கை முழுக்க கப்பைச் சுற்றியிருக்கிறது.
நான் அப்படிப் பிடிப்பதில்லை, யாரும் பிடிக்க மாட்டார்கள்.
மூடியின் விளிம்பில் மூன்று விரல், அவ்வளவுதான்.
மிச்சம் வாங்குகிறவருக்கு.

'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மேடம்,'
காவலுக்கு நின்ற பையன் பணிவாகத்தான் சொன்னான்.
என் கையிலிருந்து என்னை
ஓரடி தள்ளி நிறுத்தினான்.
கோட்டுக் கையை இறக்கிவிட்டேன்.
சொல்லியிருக்கலாம்.
சொல்லி என்ன, அவனும் பாவம்,
நாள் முழுக்க நின்ற கால்.

வாசலில் வாக்குப் பெட்டி, குட்டைப் பென்சில்:
'உங்கள் மனதைத் தொட்டது எது?'
நோராவுக்குப் போட்டால்
எனக்கு நானே போட்டது மாதிரி.
கறுப்புப் பலகைக்குப் போட்டேன்.
பஸ் போய்விட்டிருந்தது.

திங்கள். 6:40.
பிக்கப் வந்தது.
திரையில் விநாடி சிவப்பாவதற்குள் கோப்பியைக் கொடுத்து,
சாக்லேட்டை
படத்தில் இருந்தபடியே
உள்ளங்கை முழுக்கச் சுற்றி நீட்டினேன்.

சுட்டது.

சில்லறை தேட அவர் குனிந்தபோது
தோள் விலகியது.
பக்கத்து இருக்கையில்,
கண்ணாடியில் நெற்றி சாய்த்து,
வாய் லேசாகத் திறந்து,
பிள்ளை நித்திரை.